மாரிஸ் வயலின் பார்லி: விளைச்சல் கணக்கைப் படமாகப் படித்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேளாண் உற்பத்திக் கணக்குகளைக் கணினி வரைபடங்களின் துணையோடு ஆராய்வது பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். பொதுவாகப் பேசத் தொடங்கினால் இந்தத் தலைப்பு கைக்குள் அடங்காது. ஆகவே ஒரே ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். அதில் 120 எண்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில் விளைந்த பார்லியின் கணக்கு அது. புள்ளியியல் உலகில் இந்தச் சிறிய அட்டவணை அளவுக்கு அலசப்பட்ட விளைச்சல் கணக்குகள் குறைவு. அதற்கு நேர்ந்தது என்ன என்பதைச் சொல்லிவிட்டு, பிறகு நம்முடைய நெல்லுக்கு வருகிறேன்.

மின்னசோட்டா, கனடா எல்லையை ஒட்டிய மாநிலம். தெற்கே வளமான சமவெளி, வடகிழக்கே சுப்பீரியர் ஏரிக்கரை, வடமேற்கே ரெட் ஆற்றுப் படுகை. மண், குளிர், மழை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பார்லி ரகம் ஓரிடத்தில் நன்றாக விளைந்தால் மற்ற இடங்களிலும் அப்படியே விளையுமா என்பதுதான் அன்றைய விவசாயிக்கும் ஆராய்ச்சியாளருக்கும் முன்னால் நின்ற கேள்வி. இம்மர், ஹேய்ஸ், பவர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்த வினாவோடு எழுதிய கட்டுரை 1934இல் அமெரிக்க உழவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. செயின்ட் பால் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பண்ணை, வசீகா, மாரிஸ், குரூக்ஸ்டன், கிராண்ட் ராப்பிட்ஸ், டுலூத் என ஆறு இடங்கள். மஞ்சூரியா, ஸ்வான்சோட்டா, வெல்வெட், டிரெபி, பீட்லேண்ட், கிளாப்ரன் முதலான பத்து ரகங்கள். இரண்டு ஆண்டுகள். ஆறு பத்து அறுபது, அதை இரண்டால் பெருக்கினால் 120.

இந்த அட்டவணையைக் கணினியில் திறந்தால் முதலில் நிற்கும் எண் 27. மஞ்சூரியா ரகம், பல்கலைக்கழகப் பண்ணை, 1931ஆம் ஆண்டு, ஏக்கருக்கு 27 புஷல். பார்லியில் ஒரு புஷல் என்பது 48 பவுண்டு, ஏறத்தாழ 21.8 கிலோ. அப்படியானால் ஏக்கருக்கு 590 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே ரகம் வசீகாவில் 48.86667, மாரிஸில் 27.43333. தசமப் புள்ளிக்குப் பின்னால் 3களும் 6களும் வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். வயலில் பார்லியை அப்படி யாரும் எடைபோடுவதில்லை. ஒரு கூட்டுத்தொகையை மூன்றால் வகுத்திருக்கிறார்கள் என்று அந்த எண்ணே சொல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு ரகத்தையும் மூன்று பாத்திகளில் விதைத்து, மூன்றின் விளைச்சலையும் சேர்த்து வகுத்த சராசரி அது. 27க்குப் பின்னால் 81 இருக்கிறது. 81க்குப் பின்னால் மூன்று பாத்திகள் இருக்கின்றன. ஒரு விளைச்சல் எண்ணைக் கண்டால் அது எத்தனை பாத்திகளின் வழியாக நம்மிடம் வந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வேன்.

இந்தக் கணக்கு ரொனால்டு ஃபிஷரின் கைக்குப் போனது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் சேர்ந்து, வயல் பரிசோதனைகளின் கணக்கைச் சீர்செய்யப்போய்ப் புள்ளியியலையே புதிதாகக் கட்டியவர் அவர். பரிசோதனைகளை வடிவமைப்பது பற்றி 1935இல் அவர் எழுதிய நூலில் இந்த ஆறு இடங்கள், இரண்டு ஆண்டுகளின் கணக்கிலிருந்து ஐந்து ரகங்களை எடுத்து எடுத்துக்காட்டாக வைத்தார். அங்கே அச்சானது மூன்று பாத்திகளின் கூட்டுத்தொகை; 27 இருக்க வேண்டிய இடத்தில் 81. அதன்பின் வந்த புள்ளியியலாளர்கள் பலரும் இதே கணக்கைத் தங்கள் முறைகளுக்கு உரைகல்லாக எடுத்துக்கொண்டார்கள்.

ஃபிஷர் வகுத்த மாறுபாட்டுப் பகுப்பாய்வு எவ்வளவு வலிமையான கருவி என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. விளைச்சலில் காணும் வேறுபாட்டில் ரகத்தின் பங்கு இவ்வளவு, இடத்தின் பங்கு இவ்வளவு, ஆண்டின் பங்கு இவ்வளவு என்று அது பிரித்துக் கொடுக்கும். இடமும் ஆண்டும் சேர்ந்து செய்யும் வேலைக்கும் தனியாக ஒரு வரி உண்டு. அந்த வரியில் உள்ள எண் பெரிது என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் எந்த இடத்தில் நடந்தது, விளைச்சல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. நாற்று நடுவதற்கு முன் சேற்றில் பரம்படித்து மேடு பள்ளத்தைச் சமன் செய்வதுபோல, சராசரியும் மேட்டை எடுத்துப் பள்ளத்தில் போட்டுவிடுகிறது. சில வேலைகளுக்கு அந்தச் சமன் வேண்டும். ஆனால் மேடு எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியவன் பரம்படிப்பதற்கு முன்பே வயலைப் பார்த்திருக்க வேண்டும்.

1993இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாந்து, புள்ளிவிவரங்களைக் காட்சிப்படுத்துவது பற்றிய தம் நூலில் இந்த 120 எண்களையும் ஒரு படமாக வரைந்தார். கணினிக்குப் பெரிய சவால் எதுவுமில்லாத படம். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கட்டங்கள், ஓர் இடத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பத்து வரிகள், ஒரு ரகத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் இரண்டு குறிகள், ஒன்று 1931, மற்றது 1932. கீழே எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவாக ஒரே அளவுகோல். அவ்வளவுதான் படம்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. கட்டங்களை அவர் அகர வரிசையில் அடுக்கவில்லை. விளைச்சலின் இடைநிலை அளவைக் கொண்டு அடுக்கினார். அடியில் மிகக் குறைவாக விளைந்த கிராண்ட் ராப்பிட்ஸ், அதற்குமேல் டுலூத், பல்கலைக்கழகப் பண்ணை, மாரிஸ், குரூக்ஸ்டன், உச்சியில் வசீகா. ரகங்களையும் அப்படியே, அடியில் ஸ்வான்சோட்டா, மேலே டிரெபி. இப்படி அடுக்கியதும் புள்ளிகள் கீழிருந்து மேலாக வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகின்றன. ஒழுங்கு ஒன்று கண்ணுக்குப் பழகிவிடுகிறது. ஒழுங்கு பழகிய கண்ணுக்குத்தான் அதை மீறுவது படும். அகர வரிசையில் அடுக்கியிருந்தால் அதே புள்ளிகள், அதே எண்கள், ஆனால் சிதறலாகத் தெரிந்திருக்கும். மாவட்டங்களை அகர வரிசையில் போடுவதே முறை என்று இருக்கும் எந்த அறிக்கையும் இந்த ஒரு படத்தைப் பார்த்து மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படம் காட்டியது இது. ஐந்து இடங்களில் 1931இன் குறிகள் பெரும்பாலும் வலப்பக்கம் நின்றன, 1932இன் குறிகள் இடப்பக்கம். அதாவது 1931 நல்ல ஆண்டு, 1932 அதைவிட மோசம். மாரிஸ் கட்டத்தில் மட்டும் இது தலைகீழ். எண்களாகச் சொன்னால், வசீகாவின் சராசரி 54.4இலிருந்து 41.9ஆக இறங்கியது. குரூக்ஸ்டன் 43.7இலிருந்து 31.2. கிராண்ட் ராப்பிட்ஸ் 29.1இலிருந்து 20.8. பல்கலைக்கழகப் பண்ணை 35.8இலிருந்து 29.5. டுலூத் 30.3இலிருந்து 25.7. மாரிஸோ 29.3இலிருந்து 41.5ஆக ஏறியது.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். வசீகாவிலும் குரூக்ஸ்டனிலும் இறக்கம் பன்னிரண்டரை புஷல். மாரிஸில் ஏற்றம் பன்னிரண்டு புஷலுக்குச் சற்றுமேல். மாரிஸ் நிலையத்தின் இரண்டு ஆண்டுகளையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால், அது மற்ற ஐந்து இடங்களோடும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. திசை பொருந்துகிறது, அளவும் பொருந்துகிறது. கிளீவ்லாந்து இதைத்தான் எழுதினார். மாரிஸில் ஏதோ அசாதாரணமான இயற்கை நிகழ்வு நடந்திருக்கலாம். ஆனால் யாரோ எப்போதோ ஆண்டுத் தலைப்பை மாற்றி எழுதிவிட்டார்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றார். அறுபது ஆண்டுகளாக இத்தனை பெரிய அறிஞர்களின் கையில் இருந்த கணக்கில் ஒளிந்திருந்த பிழையை ஒரு படம் பிடித்துவிட்டது என்ற செய்தி புள்ளியியல் வகுப்புகளுக்கெல்லாம் பரவியது.

இந்த வகைப் படத்துக்கு டிரெல்லிஸ் வரைபடம் என்று பெயர் வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான எஸ் என்ற கணினி மொழியில் பெக்கர், கிளீவ்லாந்து, ஷியூ மூவரும் அதை வடிவமைத்தார்கள். பின்னர் அதே கருத்தை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஆர் மொழிக்குள் 'லாட்டிஸ்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தவர் தீபாயன் சர்க்கார்; இன்று இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தில்லி மையத்தில் பணிபுரிகிறார். அந்தத் தொகுப்பை நிறுவினால் மின்னசோட்டா பார்லியின் 120 எண்களும் உடன் வந்துவிடும். ஒரு வரிக் கட்டளையில் கிளீவ்லாந்தின் படத்தை நீங்கள் உங்கள் மடிக்கணினியில் வரவழைக்கலாம். இன்றிரவே செய்து பாருங்கள்.

கணினி இங்கே செய்த உதவி எது என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். வேளாண்மைக் கணக்கைப் படமாக வரைவது பழைய கலைதான். வில்லியம் பிளேஃபேர் 1786லேயே வணிகக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து நூலாக்கினார். 1821இல், கோதுமை விலையையும் தொழிலாளியின் வாரக் கூலியையும் 1565 முதல் ஒரே தாளில் வரைந்து காட்டினார். கோதுமை கட்டைகளாக நிற்கும், கூலி ஒரு கோடாக ஓடும். கூலியோடு ஒப்பிட்டால் கோதுமை முன்னெப்போதையும்விட மலிவு என்று காட்டுவது அவர் நோக்கம். ஆனால் அந்த விகிதத்தை அவர் வரையவில்லை. பார்ப்பவர்தான் கட்டையையும் கோட்டையும் மனத்துக்குள் வகுத்துக்கொள்ள வேண்டும். அவர் காலத்தில் ஒரு வரைபடம் என்றால் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டபின் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். அவ்வளவு உழைப்பு கேட்கும் படத்தை, சொல்ல வேண்டியது என்ன என்று முடிவான பிறகுதான் யாரும் வரைவார்கள். ஜான் டூக்கி 1977இல் எண்களைத் துருவிப் பார்ப்பதையே ஒரு துறையாக்கி நூல் எழுதியபோதுகூடப் பெரும்பாலும் பென்சிலும் தாளும்தான் கருவி. கணினி வந்ததும் வரிசை மாறிவிட்டது. முடிவு தெரிவதற்கு முன்பே ஐம்பது படம் வரையலாம், நாற்பத்தொன்பதைத் தூக்கி எறியலாம். விகிதத்தை வரை, ஆண்டைப் பிரித்து வரை, இடத்தைப் பிரித்து வரை, அடுக்கை மாற்றி வரை என்று கேட்டுக்கொண்டே போகலாம். மாரிஸின் முரண் அப்படிப்பட்ட துழாவலில்தான் கண்ணில் படும்.

எந்த வடிவத்தில் வரைகிறோம் என்பதும் முக்கியம். கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் நிற்கும் புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில் கண் தேர்ந்தது. கோணத்தில் தடுமாறுகிறது; பரப்பிலும் நிறத்தின் அடர்த்தியிலும் இன்னும் அதிகம் தடுமாறுகிறது. வேளாண் அறிக்கைகளில் நாம் பார்ப்பதோ கோணத்தை நம்பும் வட்ட வரைபடங்களும், அடர்த்தியை நம்பும் வண்ண நிலப்படங்களும்தான். மாவட்டவாரி மொத்த உற்பத்திக்கு வண்ணம் தீட்டினால் பெரிய மாவட்டம் அடர்ந்து தெரியும். அது அங்குள்ள விவசாயியின் திறமையையோ மண்ணின் வளத்தையோ காட்டாது, நிலப்பரப்பையே திரும்பக் காட்டும். இதற்குமேல் இதில் தங்க வேண்டியதில்லை.

பார்லிக் கதை 1993இல் முடிந்துவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2013இல், கெவின் ரைட் என்ற புள்ளியியலாளர் அதே அட்டவணையை மீண்டும் கையில் எடுத்தார். இம்மர் குழுவின் கட்டுரை இரண்டே ஆண்டுகளைத் தந்தது. ஆனால் அந்த நிலையங்களில் பார்லி பரிசோதனை அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது. பழைய அறிக்கைகளைத் தேடி 1927 முதல் 1936 வரை பத்தாண்டுக் கணக்கை ரைட் திரட்டினார். அந்தந்த இடத்தின் வானிலைப் பதிவுகளையும் சேர்த்தார். பிறகு அதே போன்ற படங்களை, இந்த முறை பத்து ஆண்டுகளுக்கும் வரைந்தார்.

இப்போது வேறொன்று தெரிந்தது. ஒரு நிலையத்தில் ஏறும்போது இன்னொன்றில் இறங்குவது அங்கே அடிக்கடி நடந்திருக்கிறது. 1930களின் அந்தப் பத்தாண்டு அமெரிக்கச் சமவெளியில் வறட்சியும் புழுதிப் புயலுமாக அலைக்கழித்த காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நீண்ட வரிசையில் வைத்துப் பார்த்தால் மாரிஸின் 1931, 1932 நம்ப முடியாத அளவுக்கு விசித்திரமானவை அல்ல. ஆண்டு மாறிப் போனது என்று தீர்ப்பெழுதுவதற்கு ஆதாரம் போதாது; கணக்கு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது ரைட்டின் முடிவு.

இதைக் கிளீவ்லாந்தின் தோல்வி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாரிஸ் மற்ற ஐந்து இடங்களிலிருந்து மாறுபட்டது என்று அவர் படம் காட்டியது முற்றிலும் உண்மை, இன்றும் உண்மை. அந்தப் படம் இல்லையென்றால் ரைட் பழைய அறிக்கைகளைத் தேடிப் போயிருக்க மாட்டார். ஏன் மாறுபட்டது என்ற கேள்விக்குத்தான் படத்திடம் பதில் இல்லை. இரண்டு ஆண்டுகள் மட்டும் உள்ள படத்துக்கு, எது வழக்கம், எது விலக்கு என்று அறிய வழியில்லை. அந்தப் பதில் நிலையத்தின் குறிப்பேட்டிலும் மழைமானியின் பதிவிலும் இருந்தது. விளைச்சல் கணக்கில் ஒரு புள்ளி விலகி நின்றால் உடனே பிழை என்று திருத்துவதும் தவறு, இயற்கை என்று கடந்துபோவதும் தவறு. எழுந்து போய்ப் பதிவைப் பார்க்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுதான். மீதி நேரத்தில் சொல்லப்போவதெல்லாம் இதையே நம் நெல்லின்மீது வைத்துப் பார்ப்பது.

தமிழ்நாட்டின் பொருளியல், புள்ளியியல் துறை பருவமும் பயிரும் பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மாவட்டவாரியாகப் பரப்பு, உற்பத்தி, எக்டேருக்கு விளைச்சல் எல்லாம் அதில் உண்டு. அரிய செல்வம் அது. 1980களிலிருந்து தஞ்சாவூர் மாவட்டத்தின் அரிசி உற்பத்தியை ஒரு கோடாக வரைந்து பாருங்கள். 1991ஐ ஒட்டி அந்தக் கோடு செங்குத்தாக விழும். விவரம் தெரியாத ஒருவர் காவிரி வற்றிவிட்டது என்றோ பூச்சி அடித்துவிட்டது என்றோ எழுதிவிடலாம். நடந்தது, 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனது. 1997இல் திருவாரூர் பிறந்தது. அப்போது நாகப்பட்டினத்தின் கோடு விழும். 2020இல் மயிலாடுதுறை பிரிந்தது. மறுபடியும் ஒரு வீழ்ச்சி. வயலும் ஆறும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, எல்லைக்கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது. நான்கையும் சேர்த்துப் பழைய தஞ்சாவூர் என்று ஒரு கோடாக வரைந்தால் அந்தப் பொய்ப் பள்ளங்கள் மறைந்து, மெய்யான வறட்சி ஆண்டுகள் தலைகாட்டும்.

ஆண்டுத் தலைப்பின் சிக்கல் நம்மிடமும் உண்டு. நம் வேளாண் கணக்கு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டைப் பின்பற்றுகிறது. சம்பா நெல் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரியில் அறுவடைக்கு வரும். 2016இன் வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் குறைந்தது; 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. அந்த மழைக் குறைவின் அடி 2016–17 விளைச்சலில் விழுந்தது. கணினியில் ஏற்றும்போது 2016–17 என்பதை யாராவது 2017 என்று சுருக்கி, அதை 2017 நாட்காட்டி ஆண்டின் மழையோடு சேர்த்து வரைந்தால், மழைக்கும் நெல்லுக்கும் தொடர்பே இல்லை என்று படம் சொல்லும். மாரிஸில் நடந்ததாகச் சந்தேகித்த தவறு இங்கே ஒரு விசைப்பலகைத் தட்டலில் உண்மையாகவே நடந்துவிடும். இதோடு இன்னொன்று: உற்பத்தி அறிக்கை அரிசியில் பேசும், கொள்முதல் கணக்கு நெல்லில் பேசும். 100 கிலோ நெல் ஏறத்தாழ 66, 67 கிலோ அரிசி. இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டினால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனதுபோல் தெரியும்.

இவையெல்லாம் ஆராய்ச்சியாளனின் கவலைகள். விவசாயியின் வருமானத்தைத் தொடும் இடத்துக்கு வருகிறேன். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கியது. ஒரு கிராமத்துக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் பயிர் அறுவடைப் பரிசோதனை தீர்மானிக்கிறது. நெல்லுக்கு நம் ஊரில் ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலத்தில் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, தூற்றி எடைபோடுவார்கள். முக்கியப் பயிர் என்றால் ஒரு கிராமத்துக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள். 25 சதுர மீட்டர் வீதம் நான்கு பாத்திகள் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது இரண்டரை சென்ட் நிலம். அந்த இரண்டரை சென்ட் ஊர் முழுவதற்கும் சாட்சி சொல்கிறது.

ஓர் எக்டேரில் இப்படிப்பட்ட பாத்திகள் 400 அடங்கும். ஆகவே ஒரு பாத்தியில் ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ அந்த வயலின் விளைச்சல் எக்டேருக்கு 400 கிலோ மாறும். நான்கு பாத்திகளின் சராசரியில் 100 கிலோ மாறும். கற்பனையாக இரண்டு ஊர்களை வைத்துக்கொள்வோம். முதல் ஊரின் நான்கு பாத்திகளிலும் 11 கிலோ. இரண்டாம் ஊரில் 14, 13, 12, 5. இரண்டுக்கும் சராசரி 11 கிலோ, எக்டேருக்கு 4,400 கிலோ. காகிதத்தில் இரண்டும் ஒரே ஊர். நான்கு புள்ளிகளாக வரைந்தால் அவை வெவ்வேறு ஊர்கள் என்பது ஒரு நொடியில் தெரியும். முதல் ஊரில் விளைச்சல் எங்கும் ஒரே சீராக இருக்கிறது. இரண்டாம் ஊரில் மூன்று வயல்கள் நன்றாக இருக்கின்றன, ஒன்று தனியே விலகி நிற்கிறது.

அந்த 5 என்ன? வடிகால் இல்லாத கடைமடை வயலில் தண்ணீர் தேங்கி அழுகிய பயிராக இருக்கலாம். அப்படியானால் அந்த ஊரில் அதுபோன்ற வயல்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். ஒருவேளை அந்தப் பகுதி முழுவதும் இழப்பில் இருக்கலாம். அல்லது 15 என்று எழுத வேண்டியதை 5 என்று எழுதியிருக்கலாம். 15 என்றால் சராசரி 13.5 கிலோ, எக்டேருக்கு 5,400. ஓர் இலக்கத்தால் ஊருக்கே எக்டேருக்கு 1,000 கிலோ வித்தியாசம். தலைகீழாகவும் நடக்கும்: 5 கிலோ மட்டும் தேறிய வயலை 15 என்று எழுதிவிட்டால், இழப்பு நேர்ந்தும் ஊருக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம். மாரிஸின் கேள்வி இதுதான், ஒரு மாற்றமும் இல்லாமல் நம் ஊர் வரப்பில் வந்து நிற்கிறது. அங்கே அது ஆராய்ச்சி, இங்கே அது ஒரு குடும்பத்தின் கடன் தவணை.

இதன் மறுபக்கம் ஒப்பீட்டு அளவு. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் விளைச்சலைச் சராசரி எடுத்து, அதை ஈட்டுறுதி விகிதத்தால் பெருக்கி உத்தரவாத விளைச்சலைக் கணக்கிடுகிறார்கள். இந்த ஆண்டின் விளைச்சல் அதற்குக் கீழே போனால் அந்த அளவுக்கு இழப்பீடு. ஏன் எங்கள் ஊருக்கு வரவில்லை, பக்கத்து ஊருக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஆண்டுதோறும் மறியல் நடக்கிறது. விவசாயியின் கையில் கிடைப்பது உண்டு அல்லது இல்லை என்ற ஒற்றைச் சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏழு புள்ளிகளும் நான்கு புள்ளிகளும் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. பதினொரு புள்ளிகள். பள்ளிக்கூடப் பிள்ளையும் படிக்கக்கூடிய படம். இதை விவசாயிக்குக் காட்டாமல் வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

தரவு இல்லை என்ற சமாதானமும் எடுபடாது. அறுவடைப் பரிசோதனையின் எடை, இடம், புகைப்படம் எல்லாம் இப்போது கைப்பேசிச் செயலி வழியாகவே பதிவாகின்றன. எண்கள் ஏற்கெனவே கணினிக்குள் இருக்கின்றன. ஆர் மொழியில் சில வரிகள் எழுதினால் மாநிலத்தின் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு பக்கப் படத்தைக் கணினியே வரைந்து தள்ளும். புள்ளியியல் துறையின் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அறக்கட்டளை நிர்வாகிகளிடம் நான் வைக்கும் கோரிக்கையும் அதுதான்: அடுத்த சம்பாவுக்கு முன் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, வேளாண் துறையின் ஒப்புதலோடு இதை மாணவர்களைக் கொண்டு செய்து பாருங்கள்.

படம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்ணம் வேண்டாம், நகலெடுத்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். மேல் கட்டத்தில் ஏழு ஆண்டுகளின் ஏழு புள்ளிகள், ஆண்டுகளைப் பருவத்தோடு முழுதாக எழுத வேண்டும். கணக்கிலிருந்து விடுபட்ட இரண்டு ஆண்டுகள் வெற்று வட்டங்களாக நிற்கட்டும், உத்தரவாத விளைச்சல் ஒரு செங்குத்துக் கோடாக ஓடட்டும். கீழ்க் கட்டத்தில் அதே அளவுகோலில் இந்த ஆண்டின் நான்கு பாத்திகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அறுத்த தேதியும் புல எண்ணும். பக்கத்து நான்கு ஊர்களின் கட்டங்களும் அதே தாளில், விளைச்சல் வரிசையில் அடுக்கப்பட்டு வர வேண்டும். விலகி நிற்கும் ஊர் அப்போதுதான் தெரியும். அளவு எக்டேருக்குக் கிலோ என்று மட்டும் இருந்தால் போதாது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றும் அடியில் குறிக்க வேண்டும்.

இந்தத் தாளைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். இழப்பீட்டுத் தொகையை அறிவித்த பிறகு ஒட்டிப் பயனில்லை. அறிவிப்பதற்கு முன்பே, ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் வைத்து ஒட்ட வேண்டும். அப்போது அந்தப் புல எண்ணுக்குரியவர் வந்து, தம் வயலில் அன்று எடைபோட்டது 5 கிலோவா 15 கிலோவா என்று சொல்லிவிடுவார்.